பெரெம்பாங் மரமும் துந்தோங் ஆமையும்

சனிக்கிழமை மாலையானால் பாசிர் பெனம்பாங்கில் கார் நிறுத்த இடம் கிடைப்பது கடினம். கிள்ளான், ஷா ஆலாம், ரவாங் என்று பல ஊர்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். ஆற்றோரக் கடைகளில் நண்டும் இறாலும் சாப்பிட்டுவிட்டு, இருட்டியதும் கம்போங் குவாந்தானுக்கு மின்மினி பார்க்கக் கிளம்புகிறார்கள். படகு மெல்ல நகரும்போது கரையோர மரம் ஒன்று முழுவதும் ஒரே தாளத்தில் மின்னி மின்னி அணைவதைப் பார்த்துப் பிள்ளைகள் வாய் பிளப்பார்கள். மின்மினியைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்பவர்கள், அது உட்கார்ந்திருக்கும் மரத்தின் பெயரைக் கேட்பதில்லை.

அந்த மரம் பெரெம்பாங். ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் இடத்தில் சேற்றிலிருந்து கூர் கூராக மூச்சு வேர்களை நீட்டிக்கொண்டு நிற்கும் மரம். அதன் பழம் தட்டையாக, பச்சையாக, புளிப்பாக இருக்கும். அந்தப் பழத்தை ஆசையாகத் தின்னும் ஓர் ஆமை நம் நாட்டு ஆறுகளில் உண்டு. மின்மினிக்குக் கிடைத்த புகழில் நூற்றில் ஒரு பங்குகூட அதற்குக் கிடைக்கவில்லை. உலகிலேயே அழிவின் விளிம்பில் இருக்கும் நன்னீர் ஆமைகளில் அதுவும் ஒன்று. மலாய்க்காரர்கள் அதைத் துந்தோங் என்று அழைக்கிறார்கள்.

பெயரிலேயே ஓர் ஓசை

துந்தோங் என்ற பெயர் ஆற்று மணலில் பிறந்தது என்பார்கள். பெண் ஆமை இரவில் மணல்திட்டில் ஏறி, குழி தோண்டி முட்டையிடும். பிறகு மணலால் மூடி, தன் உடம்பைத் தூக்கித் தூக்கி அதன்மேல் போட்டு இறுக்கும். அடி ஓடு மணலில் மோதும்போது எழும் 'துந்தோங், துந்தோங்' என்ற ஓசை அமைதியான இரவில் கரை வரை கேட்கும். அதுவே பெயராகிவிட்டது. முட்டைத் திருடர்களை ஏமாற்றப் பக்கத்தில் மணலைக் கிளறிப் பொய்க்குழி ஒன்றையும் போட்டுவிட்டுப் போகும் பழக்கம் இதற்கு உண்டு.

பார்வைக்கு இது சாதாரண ஆமை இல்லை. ஓடு 60 சென்டிமீட்டர் வரை வளரும். 20 கிலோவைத் தாண்டும் பெண் ஆமைகளும் உண்டு. மூக்கு சற்று மேல்நோக்கிக் கூராக இருக்கும். முன்னங்காலில் நான்கு நகங்கள் மட்டுமே இருக்கும். துந்தோங் லாவுட் எனப்படும் இதன் உறவுக்கார ஆமைக்கு ஐந்து நகங்கள் இருப்பதால், இரண்டையும் பிரித்தறிய இதுவே எளிய அடையாளம். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஆமையின் உடல் கருத்து, கண் வெளிறிவிடும். மற்ற மாதங்களில் பார்த்தவர்கள் அதை வேறு ஆமை என்றே நினைக்கக்கூடும்.

பினாங்கில் பணியாற்றிய டென்மார்க் நாட்டு மருத்துவர் தியோடர் காண்டர், 1847-இல் இந்த ஆமைக்கு அறிவியல் பெயர் சூட்டினார். ஆனால் வங்காளத்துச் சுந்தரவனத்தில் வாழும் ஆமையும் இதுவும் ஒன்றே என்றுதான் நீண்ட காலம் கருதப்பட்டது. 2000-களின் பின்பகுதியில் நடந்த மரபணு ஆய்வுகள் இரண்டும் வெவ்வேறு இனம் என்று காட்டின. 2009-இல் மலாய்த் தீபகற்பத்தின் மேற்குக்கரை ஆமையும் கிழக்குக்கரை ஆமையும் தனித்தனி உட்பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டன. கிழக்குக்கரைப் பிரிவுக்கு, 1970-களில் பேராக் ஆற்றில் துந்தோங்கை ஆராய்ந்த அமெரிக்கர் எட்வர்ட் மோலின் பெயரே வைக்கப்பட்டது. மேற்குக்கரை ஆமை போய்விட்டால் கிழக்குக்கரையிலிருந்து கொண்டுவந்து விட்டுக்கொள்ளலாம் என்று எண்ண முடியாது. இது வேறு, அது வேறு.

கடல்வாயில் சாப்பாடு, மேலாற்றில் தாய்வீடு

துந்தோங்கைக் காப்பாற்றுவது ஏன் இவ்வளவு கடினம் என்பது அதன் வாழ்க்கை முறையைப் பார்த்தால் விளங்கும்.

ஆண்டின் பெரும்பகுதியை அது கழிமுகத்தில் கழிக்கிறது. கடல் ஏறும்போது ஏறும் தண்ணீரோடு கரையோரச் செடிகொடிகளுக்குள் நுழைந்து, விழுந்து மிதக்கும் பெரெம்பாங் பழத்தையும் இலை தழைகளையும் தின்னும். வற்றம் தொடங்கியதும் ஆழத்துக்குத் திரும்பும். முட்டையிடும் காலம் வந்ததும் பெண் ஆமைகள் ஆற்றை எதிர்த்து நீந்தி, பல பத்து கிலோமீட்டர் மேலே போகின்றன. அங்கே தண்ணீர் வற்றிய நாள்களில் தலைகாட்டும் மணல்திட்டுதான் அவற்றுக்குத் தாய்வீடு. ஒரு குழியில் பெரும்பாலும் இருபது, முப்பது முட்டைகள் இருக்கும். கோழி முட்டையைவிடப் பெரியவை, நீள்வட்டமானவை. இரண்டு மூன்று மாதம் மணலின் சூட்டில் கிடந்து குஞ்சு பொரிக்கும்.

அந்தச் சூட்டில்தான் குஞ்சு ஆணா பெண்ணா என்பதும் முடிவாகிறது. மணல் சூடாக இருந்தால் பெண் குஞ்சுகள் மிகும். குளிர்ந்திருந்தால் ஆண் குஞ்சுகள் மிகும். திட்டின் மேல் நிழல் விழுவதும், மழை பெய்வதும், முட்டையை எடுத்து வேறிடத்தில் புதைப்பதும்கூட அடுத்த தலைமுறையின் கணக்கை மாற்றிவிடும்.

ஆகவே இந்த ஆமைக்கு ஆற்றின் இரண்டு முனையும் வேண்டும். கீழே பெரெம்பாங் காடு, மேலே மணல்திட்டு, நடுவில் வலையும் கழிவும் இல்லாமல் நீந்திப்போக வழி. மூன்றில் எது அறுந்தாலும் மற்ற இரண்டும் இருந்து பயனில்லை. மணல் அள்ளும் இயந்திரம் திட்டைக் கரைத்துவிடுகிறது. மேலாற்றில் காலம் தவறி வெள்ளம் வந்தால், முட்டைகள் மணலுக்குள்ளேயே மூழ்கி அழுகிவிடுகின்றன. கழிமுகத்தில் மரத்தை வெட்டிக் கரையைச் சிமெண்டால் கட்டினால் சாப்பாடு போய்விடுகிறது.

அரண்மனை காத்த முட்டை

பாசிர் பெனம்பாங்கிலிருந்து கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் தஞ்சோங் காராங், செகிஞ்சான், சபாக் பெர்ணாம் தாண்டிப் பேராக் மாநிலம் வந்துவிடும். தெலுக் இந்தானைக் கடந்து பேராக் ஆற்றை ஒட்டியே மேலே போனால் போத்தா கானான். செம்பனை, கம்பம், மறுபடி செம்பனை என்று ஓடும் அந்தப் பாதையில் நான் போன நாளில், இப்படி ஒரு மூலையில் நாட்டின் மிகப் பழைய ஆமைப் பாதுகாப்பு மையங்களில் ஒன்று இருக்கும் என்று தோன்றவேயில்லை.

ஒரு காலத்தில் பேராக் ஆறு துந்தோங்கின் தலைநகரம். இரண்டாம் உலகப் போருக்கு முன்பு ஆண்டுக்குப் பல லட்சம் முட்டைகள் அங்கு இடப்பட்டதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். முட்டை எடுக்கும் உரிமை அரண்மனையைச் சார்ந்தது. சுல்தானும் பரிவாரமும் படகில் வந்து முட்டை எடுப்பது ஒரு திருவிழாவாகவே நடந்தது. முட்டையைத் தின்றார்கள் என்பது உண்மைதான். ஆனால் தாயை யாரும் தொடவில்லை. ஆமைக் கறி முஸ்லிம் ஊர்களில் வழக்கமில்லை என்பதும், அரண்மனைக்குரியதைத் தொட்டால் தண்டனை என்ற பயமும் சேர்ந்து பெரிய ஆமைகளைக் காத்தன.

ஜப்பானியர் காலத்துப் பஞ்சத்தில் அந்தக் கட்டுப்பாடு உடைந்தது. அந்தப் பஞ்சத்தை நம் தாத்தா பாட்டிகள் மரவள்ளிக்கிழங்கால் கடந்த கதை எல்லா வீட்டிலும் உண்டு. அதே பசி ஆற்றங்கரைகளிலும் இருந்தது. பெரிய ஆமைகளும் வெட்டுப்பட்டன. போர் முடிந்த பிறகு பழைய எண்ணிக்கை திரும்பவே இல்லை.

வடக்கே வங்காளத்தில் கதை இன்னும் மோசம். அங்குள்ள உறவினத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கல்கத்தா சந்தைக்குக் கறிக்காகக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுபோனார்கள். இன்று அந்த இனம் பெரும்பாலும் வளர்ப்பு மையங்களில்தான் உயிரோடு இருக்கிறது.

மறுநடவு இல்லாத தோட்டம்

"முட்டையைத்தானே எடுக்கிறோம், ஆமையை விட்டுவிடுகிறோமே?" என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதன் பதிலை விளக்குவது எளிது.

பால்மரத் தோட்டம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மரங்கள் முதிர்ந்தவை. காலையில் சீவினால் பால் வடிகிறது. ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு, பதினைந்து ஆண்டு. ஒரு கன்றுகூட மறுநடவு செய்யவில்லை. ஆனாலும் கணக்குப் புத்தகத்தில் குறை தெரியாது, மரம் நிற்கிறது, பால் வருகிறது. ஒருநாள் கிழமரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழத் தொடங்கும்போதுதான், இடையில் வளர்ந்த மரமே இல்லை என்பது தெரியும். அன்று நட்டாலும் பால் பார்க்க ஆறேழு ஆண்டு காத்திருக்க வேண்டும்.

துந்தோங் முதிர்ச்சியடைந்து முட்டையிட ஏறத்தாழ 20 ஆண்டு ஆகும். அதன்பின் பல பத்தாண்டுகள் வாழும். எல்லா முட்டையையும் எடுத்துவிட்டாலும் கிழட்டுத் தாய்கள் ஆண்டுதோறும் திட்டுக்கு வந்துகொண்டுதான் இருக்கும். பார்ப்பவர்களுக்கு, "ஆமை இருக்கிறதே!" என்றுதான் தோன்றும். ஆனால் அந்த ஆற்றில் இளம் ஆமையே இல்லை.

கணக்கை மாற்றிப் போட்டும் பார்க்கலாம். ஆண்டுக்கு 25 முட்டை வீதம் 20 ஆண்டு இடும் ஒரு தாய் 500 முட்டை தருகிறது. பெற்றோர் இருவருக்கு ஈடாக அதில் இரண்டே இரண்டு பெரியதாக வளர்ந்தால் போதும், எண்ணிக்கை குறையாது. முட்டையை உடும்பும், குஞ்சைப் பறவையும் மீனும் தின்பதைத் தாங்கும்படிதான் இயற்கை இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறது. ஆனால் வலையில் சிக்கி ஒரு தாய் மூச்சுத் திணறிச் செத்தால், அந்த இடத்துக்கு வேறொன்று வர 20 ஆண்டு ஆகும். முட்டையின் இழப்பைவிடத் தாயின் இழப்பு பல மடங்கு பெரிது. இரண்டும் சேர்ந்தால் ஆறு காலியாகிவிடும்.

அனைத்துலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இந்த இனத்தை 'மிக மோசமாக அழிவை எதிர்நோக்கும்' பிரிவில் வைத்திருப்பதும், சைட்டிஸ் ஒப்பந்தம் இதன் அனைத்துலக வணிகத்தைத் தடுத்திருப்பதும் இதனால்தான்.

போத்தா கானானும் கெமாமானும்

மறுநடவு வேலை நம் நாட்டில் நடக்காமல் இல்லை. 1960-களின் இறுதியிலேயே வனவிலங்குத் துறை போத்தா கானானில் முட்டைகளைச் சேகரித்துப் பொரிக்கவைத்து, குஞ்சுகளை வளர்த்து ஆற்றில் விடத் தொடங்கியது. குளத்தில் கங்கோங் கீரையைப் போட்டால், சேற்று நீரிலிருந்து மூக்கு மட்டும் முதலில் மேலே வரும். அதைப் பார்க்கவே பிள்ளைகளை அழைத்துப் போகலாம். குஞ்சைச் சில காலம் வளர்த்து விடுவதற்குக் காரணம் உண்டு. உள்ளங்கைக்குள் அடங்கும் குஞ்சை எந்த மீனும் விழுங்கிவிடும். ஓடு கொஞ்சம் கடினமாகி வளர்ந்துவிட்டால் பிழைக்கும் வாய்ப்புக் கூடும்.

கிழக்குக்கரையில் வேறொரு வழியைப் பிடித்தார்கள். 2011-இல் கடலாமை ஆய்வாளர் சான் எங் ஹெங்கும் சென் பெல்ஃப் நியோக்கும் சேர்ந்து மலேசிய ஆமைப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார்கள். திரெங்கானு மாநிலத்தின் கெமாமான் ஆற்றோரம் இருக்கும் கம்போங் பாசிர் காஜா என்ற சிற்றூரே அவர்களின் களம். முட்டையைப் பொரிப்பது மட்டும் வேலை இல்லை என்பதை அவர்கள் தொடக்கத்திலேயே புரிந்துகொண்டார்கள். ஆற்றங்கரைக் கிராமத்தாரையே காவலர்களாக்கினார்கள். பள்ளிப் பிள்ளைகளை மணல்திட்டுக்கு அழைத்துப் போனார்கள். ஆமைக் குஞ்சை ஆற்றில் விடும் நாளை ஊரே கூடும் நாளாக மாற்றினார்கள்.

கம்போடியாவில் இந்த இனம் முற்றாக அழிந்துவிட்டது என்றே நினைத்திருந்தார்கள். 2000-ஆம் ஆண்டு வாக்கில் ஸ்ரே அம்பெல் ஆற்றில் மிஞ்சியிருந்த சில ஆமைகள் தெரியவந்தன. முட்டை எடுத்து விற்றவர்களையே கூடு காக்கும் வேலைக்கு அமர்த்தினார்கள். 2005-இல் அந்நாடு அதைத் தேசிய ஊர்வனவாக அறிவித்தது. அங்கே 'அரச ஆமை' என்று பெயர். நம் பேராக்கிலும் ஒரு காலத்தில் அது அரசனின் ஆமைதான்.

முட்டை காக்கும் பணி இன்று தீபகற்பத்தில் நடப்பது பேராக், கெடா, திரெங்கானு ஆறுகளில். நம் சிலாங்கூர் ஆறு அந்தப் பட்டியலில் இல்லை. அப்படியென்றால் நமக்கு இதில் வேலை இல்லையா?

தோட்டத்துக் கால்வாயில் இருப்பவை

புக்கிட் ரோத்தான் பக்கத்தில் செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன்.

"அந்தக் காலத்துல காவாயில ஆமை எவ்ளோ கிடக்கும் தெரியுமா தம்பி? மழை பேஞ்சா ரோட்டுக்கே வந்துரும். லாபி-லாபி மாட்டுனா அன்னிக்கு லயத்துல நாலு வீட்டுக்குக் கறி."

"இப்போ ஏன் பார்க்க முடியலை ஐயா?"

"எங்கேர்ந்து வரும்? பிடிச்சுப் பிடிச்சு வித்தாச்சு. காவாயும் மருந்துத் தண்ணியாப் போச்சு."

அவர் சொன்ன லாபி-லாபி, மென்மையான தோல் ஓடுடைய பெரிய ஆமை. நம் தோட்டத்துக் கால்வாய்களுக்கும் ராஜா மூசா சதுப்புக் காட்டுக்கும் சொந்தமான வேறு ஆமைகளும் உண்டு. கதவைச் சாத்துவதுபோல் அடி ஓட்டை மடக்கி உள்ளே ஒளிந்துகொள்ளும் கூரா-கூரா காத்துப் ஒன்று. கன்னத்தில் வெள்ளைப் புள்ளியோடு சிரிப்பதுபோல் தோன்றும் கரிய சதுப்பு ஆமை மற்றொன்று. முப்பது நாற்பது ஆண்டுக்கு முன்பு சாதாரணமாகக் கிடைத்த இவை இரண்டும் இன்று உலக அளவில் அழிவை எதிர்நோக்கும் பட்டியலில் இருக்கின்றன. கறிக்கும் மருந்துக்கும் வளர்ப்புக்கும் பிடித்து விற்றதே முக்கியக் காரணம்.

ஆமைக் கறி மூலத்துக்கு மருந்து என்ற நம்பிக்கை நம்மவரிடம் இன்றும் உண்டு. அதற்கு மருத்துவச் சான்று இல்லை. இன்னொரு பக்கம், 'ஆமை புகுந்த வீடு உருப்படாது' என்று சொல்லி, வாசலுக்கு வந்த ஆமையைக் கொம்பால் தள்ளிவிடுவார்கள். பெருமாளின் கூர்ம அவதாரத்தைக் கும்பிடும் அதே வீட்டில்தான் இதுவும் நடக்கும். மழைக்காலத்தில் ஆமை வாசலுக்கு வருகிறதென்றால், அது நடந்துபோன வழியில் நாம் வீடு கட்டியிருக்கிறோம் என்பதே பெரும்பாலும் காரணம்.

அதே ஆறுதான் நம் குழாயில்

சிலாங்கூர் ஆற்றைச் சுற்றுப்பயணிகள் மின்மினிக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் குழாயைத் திறக்கும் பெரும்பாலோர் குடிப்பதும் அந்த ஆற்றுத் தண்ணீரைத்தான். 2020 செப்டம்பரில் ரவாங் வட்டாரத்தில் ஆற்றில் கழிவு கலந்து, சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டு, பல லட்சம் வீடுகளில் தண்ணீர் நின்றுபோனதை யாரும் மறந்திருக்க மாட்டோம். வாளியோடு தண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்ற அந்த நாள்களில் நமக்கு மாற்று வழி இருந்தது. ஆற்றுக்குள்ளேயே வாழும் உயிர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை.

கீழ் ஆற்றில் பெரெம்பாங் இன்னும் நிற்கிறது. மின்மினிக்காக ஆற்றோரத்தின் ஒரு பகுதியை மாநிலத்தின் நீர் நிர்வாக வாரியம் பாதுகாப்பு மண்டலமாக அறிவித்திருக்கிறது. ஆற்று முகத்தில் 1987-இல் தொடங்கிய கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்கா இருக்கிறது. மேற்குக்கரையில் பல ஆறுகள் இந்தக் கரையோரக் காட்டை இழந்துவிட்ட நிலையில், இது பெரிய சொத்து. மரம் இருந்தால் மின்மினிக்கு இடம், மீன் குஞ்சுக்கு நிழல், பாசிர் பெனம்பாங் மீனவர்களுக்குப் பிழைப்பு. மரத்தை வெட்டிவிட்டால், எதிர்காலத்தில் யாராவது இங்கே துந்தோங்கைப் பற்றிப் பேசக்கூட வாய்ப்பிருக்காது.

வீட்டிலிருந்தே தொடங்கலாம்

பெரிய திட்டங்கள் அரசாங்கத்தின் கையில். ஆனால் ஒரு குடும்பத்தின் கையில் இருப்பவையும் குறைவில்லை.

ஆமை முட்டையை எந்தச் சந்தையில் கண்டாலும் வாங்காதீர்கள். 'ஒரு தடவை ருசி பார்க்கலாம்' என்று விடுமுறையில் கிழக்குக்கரைக்குப் போகும் நம்மவரும் உண்டு. திரெங்கானுவில் 2022 முதல் எல்லாக் கடலாமை முட்டை விற்பனைக்கும் தடை வந்துவிட்டது.

பிள்ளைக்கு வாங்கிய சிவப்புக் காது ஆமை பெரிதாகிவிட்டால், கோயில் குளத்திலோ கால்வாயிலோ விட்டுவிடாதீர்கள். அது அமெரிக்க ஆமை. நம் ஆமையின் உணவையும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும், நோயையும் பரப்பும். வேண்டுதலுக்காக ஆமை வாங்கி ஆற்றில் விடுவதும் அப்படித்தான். விடுவதற்கென்றே மேலும் பல ஆமைகள் பிடிபடும். சதுப்பில் வாழும் ஆமையை ஓடும் ஆற்றில் விட்டால் அது புண்ணியமாகாது.

சாலையில் ஆமை குறுக்கே போனால் வண்டியைப் பாதுகாப்பாக ஓரங்கட்டி, அது எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே கொண்டுபோய் விடுங்கள். திரும்பிய பக்கம் விட்டால் மறுபடி சாலைக்கே வரும். அடிபட்ட ஆமையையோ விற்பனைக்கு வைத்திருப்பதையோ பார்த்தால் வனவிலங்குத் துறையின் 1-800-88-5151 என்ற எண்ணுக்குத் தெரிவிக்கலாம்.

பள்ளி விடுமுறையில் எங்கே போவது என்று யோசிப்பவர்கள் போத்தா கானானை ஒரு நாள் பயணமாக வைத்துக்கொள்ளலாம். அதற்கு முன், அடுத்த முறை மின்மினிப் படகில் ஏறும்போது பிள்ளைகளுக்கு அந்த மரத்தின் பெயரைச் சொல்லிக் கொடுங்கள். பெயர் தெரிந்த மரத்தை வெட்டவரும்போது, ஏன் என்று கேட்க நாளைக்கு அவர்களில் ஒருவராவது இருப்பார்.